கொக்கியில் தொங்கும் என் சைக்கிள்

மகனே,

நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நீ நலமாகத்தான் இருப்பாய். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு அனுப்பிய போட்டோவில் கன்னத்தில் நன்றாகச் சதை வைத்திருக்கிறது. நான் கோபமாக இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்று பார்த்தால், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், பொறவு எடுக்குறேன்" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. உறையில் போடுகிறேன், ஆனால் ஒட்டப் போவதில்லை. தபாற்கந்தோரில் பிரித்துப் படித்தாலும் சரி, உன்னோடு அறையில் இருக்கிற பையன்கள் படித்தாலும் சரி. என் சைக்கிளை எனக்குத் தெரியாமல் ஹாலிஎலையில் ஒரு கடைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறாய். அதைத்தான் கேட்கப் போகிறேன்.

பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்தாய். வந்தவன் வழக்கம்போல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்காமல், காலையிலேயே கொல்லைப் பக்கம் போய் சைக்கிளைப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, பிரேக் சரியில்லயே, இந்த எறக்கத்துல இத ஓட்டுறது ஆபத்து, நான் கொண்டுபோய்ச் செஞ்சு தாறேன்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! என் பிள்ளைக்கு என் மேல் என்ன அக்கறை என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். அந்த பிரேக் கட்டைகளை நான் முந்தின வாரம்தான் மாற்றியிருந்தேன். புதுக்கட்டை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிள்ளை சொன்னால் நம்பிவிடுகிற புத்தி, என்ன செய்வது! உன் சிநேகிதனின் லொறியில் அதைத் தூக்கி ஏற்றும்போது, பெயின்ட் உரசாமல் இருக்க என் பழைய சாக்கை நானே மடித்து வைத்துக் கொடுத்தேன்.

இந்தச் சைக்கிளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? நீதான். மறந்துபோயிருந்தால் சொல்கிறேன். பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் கிடந்த காலத்தில் பஸ் நின்றுபோனது. அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், கிளினிக்குக்குப் போக வழியில்லை. நீ கொழும்பில் யாரிடமோ பேசி வாங்கி ரயிலில் போட்டு அனுப்பினாய். தெமோதரை ஸ்டேஷனில் நானும் அப்பாவும் போய் இறக்கி, மாறி மாறித் தள்ளிக்கொண்டு வந்தோம். அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்து ரோட்டில் ஒரே ஒரு தடவை ஏறினார். ஏறியவர் நேரே தேயிலைக்குள் போய்ச் சேர்ந்தார். கவ்வாத்து வெட்டிய மலை, குச்சி குச்சியாக நின்றது, முதுகெல்லாம் கீறல். "எனக்கும் இதுக்கும் சரிவராது, நான் நடந்தே செத்துப் போறேன்" என்றார். அன்றைக்குக் கொல்லையில் சாத்தியதுதான். மேலே விறகு அடுக்கினோம், சீட்டில் கோழி ஏறி உட்கார்ந்தது. பெட்ரோலும் வந்தது, பஸ்ஸும் வந்தது. அந்தச் சைக்கிள் அதற்குப் பிறகு ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை.

தோட்ட வேலையிலிருந்து நான் நின்ற பிறகு வந்த முதல் திங்கட்கிழமை. காலையில் பெரட்டுக் களத்துக்கு எல்லாரும் போகிறார்கள். இத்தனை வருஷமாய் இருட்டோடு எழுந்து, ரொட்டி சுட்டு, உன்னைக் கிளப்பிவிட்டு, பெயர் கொடுக்க அந்தக் களத்தில் போய் நின்ற கால் இது, வாசலில் நிற்கமாட்டேன் என்கிறது. உட்கார்ந்தேன், எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னா, பேய் புடிச்ச மாதிரி சுத்துற" என்றார். அப்போதுதான் கண் அந்தப் பக்கம் போயிற்று. விறகை எடுத்துப் போட்டேன், கோழியை விரட்டினேன், சீட்டைத் துடைத்தேன். எதற்கு என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. துடைத்தேன், அவ்வளவுதான்.

நான் சைக்கிள் ஓட்டியவள் என்பது உனக்குத் தெரியும். கலவரத்துக்குப் பயந்து உன் தாத்தா எங்களை வவுனியாப் பக்கம் கூட்டிப் போனதையும், அங்கே வெள்ளைச் சட்டையும் ரெட்டைப் பின்னலுமாகப் பெட்டைகள் வரிசை வரிசையாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதையும் உனக்குச் சோறு ஊட்டும்போது கதையாகச் சொல்லியிருக்கிறேன். நானும் அந்த வரிசையில் ஒருத்திதான். கல்யாணம் கட்டி இங்கே வந்தபோது சைக்கிளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தேன். பழகியது மறக்காது என்பார்கள். பச்சைப் பொய்! கோயிலுக்கு மேலே பையன்கள் பந்தடிக்கிற கிரவுண்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏறினேன். ஏறின வேகத்தில் விழுந்தேன். முழங்கை தேய்ந்தது. வவுனியா தட்டை நிலம், பிரேக் என்று ஒன்று இருப்பதே அங்கே ஞாபகம் வராது. இங்கே பிரேக்தான் சைக்கிள். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் பின் பிரேக்கை முதலில் பிடித்து, முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். பாதித் தூரம் நான் அதைக் கொண்டு போகிறேன், பாதித் தூரம் அது என்னைக் கொண்டு போகிறது. இது எனக்குச் சரியாகப்பட்டது. இந்த வீட்டில் என்னோடு பாதிக்குப் பாதி என்று நின்றது அது ஒன்றுதான், உங்கள் அப்பா படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

பேச்சுக்குக் குறைச்சல் இருக்குமா? உங்கள் அப்பாவின் பழைய காற்சட்டையை உள்ளே போட்டு மேலே நைட்டியும் சுவெட்டருமாக நான் போவதைப் பார்த்து, பீலியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டபடி சிரித்தார்கள். "என்னக்கா, தபால் வேல கெடச்சிருச்சா?" என்றாள் ஒருத்தி. தோட்டத்தில் சைக்கிளில் போகிற ஒரே ஆள் தபால்காரர்தானே. "ஆமா, ஒனக்கு ஒரு காயிதமும் இல்ல, போய்க் குளி" என்று நானும் சொல்லிவிட்டுப் போனேன். சிரிப்பை நான் தாங்குவேன். என்னால் தாங்க முடியாதது அந்த ஒரு கேள்வி. எதுக்கு? தோட்டத்துச் சங்கத் தலைவர் கேட்டார், எதுக்கு. கோயில் ஐயர் கேட்டார், எதுக்கு. மலையில் எங்களை வேலை வாங்கிய கண்டக்டரய்யா பைக்கை நிறுத்திக் கேட்டார், "என்னம்மா, இந்த வயசுல எதுக்கு?" மலையில் கொழுந்து பறிக்க அப்பாவுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்கு கட்டி, அட்டைக் கடி வாங்கி, மழையில் ஊறி நின்ற காலத்தில் ஒருத்தன் வந்து எதுக்கு என்று கேட்டதில்லை. அதுவும் ஒரு வயசுதானே!

கடைசியில் உங்கள் அப்பாதான் வழி சொன்னார். "கேட்டா சீனி வருத்தம்னு சொல்லிப்புடு. டொக்டர் ஓட்டச் சொன்னாருன்னு சொல்லு. வருத்தத்துக்குன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்." எனக்குச் சீனி கொஞ்சம் இருப்பது உண்மை. டொக்டர் நடக்கத்தான் சொன்னார். ஆனால் அப்பா சொன்னது பலித்தது. சீனி என்றதும் தலைவர் தலையை ஆட்டினார், ஐயர் விபூதி கொடுத்தார். பீலியில் சிரித்தவள் பாகற்காய் கொண்டுவந்து தந்தாள். எனக்கு உள்ளுக்குள்ளே எரிந்தது. ஒரு பெண்பிள்ளை நோயாளியாக இருந்தால் சைக்கிள் ஓட்டலாம், சுகமாக இருந்தால் ஓட்டக்கூடாது. நல்லா இருக்கே நியாயம்! இருந்தாலும் அந்தப் பொய்யையே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். ஸ்டோருக்குக் கீழே ரோடு திரும்புகிற இடத்தில் கொஞ்சத் தூரம் மட்டம் வரும் பார், அங்கே மிதிக்கவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். காற்று முகத்தில் வரும். கூடை இல்லாத முதுகு எனக்குப் பழக்கமே இல்லை. முதல் தடவை அந்த இடத்தைத் தாண்டியபோது சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு சுற்றிப் பார்த்தேன், ஒருத்தரும் இல்லை. திரும்பவும் சிரித்தேன்.

இப்போது அந்தப் பெண் வீட்டார் வந்த நாளுக்கு வருகிறேன். அவர்கள் பதுளை டவுனில் கடை வைத்திருக்கிறவர்கள், நாம் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவர்கள். நீ ஒரு மாதம் முன்பிருந்தே எங்களைப் பாடாய்ப்படுத்தினாய். சுவருக்குச் சுண்ணாம்பு, சன்னலுக்குப் புதுத் துணி, கோப்பைகூடக் கொழும்பிலிருந்து வந்தது. அப்பா வெற்றிலை போட்டுத் துப்புகிற செம்பை ஒளித்துவைக்கச் சொன்னாய். எல்லாம் செய்தோம். பின்னேரம் வருவதாகச் சொன்னவர்கள், பின்னேரம் ராகு காலம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. தட்டு எடுத்துவைத்துப் பார்த்தால் பழம் இருக்கிறது, பாக்கு இருக்கிறது, சீனி இருக்கிறது, வெற்றிலை இல்லை, இருந்ததை அப்பா மென்று தீர்த்துவிட்டார். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை இல்லாத தட்டை நீட்ட முடியுமா? அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாய். "அம்மா, ஓடிப்போய் வாங்கிட்டு வாங்களேன்" என்றது யார்? ஓடவில்லை, சைக்கிளில் போனேன். ஹாலிஎலை வரைக்கும் இறங்கி, வெற்றிலையைச் சுருட்டி வாழைச் சருகில் கட்டி, பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு திரும்பவும் மூச்சு வாங்க மேலே தள்ளினேன். உன் தட்டுக்கு வெற்றிலை கொண்டுவந்த சைக்கிள்தான் அது, அதை முதலில் எழுதிவைத்துக்கொள்.

ஸ்டோரடிக்கு வந்து ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், பின்னால் வேன் சத்தம். ஓரம் கட்டினேன். முன் சீட்டிலிருந்து வேட்டி கட்டிய ஒருத்தர் தலையை நீட்டி, "தபாலம்மா, தபாலம்மா, கொழும்புல வேல செய்யிற தம்பி ஒருத்தர் வீடு இங்கிட்டு இருக்காமே, எதுன்னு தெரியுமா?" என்றார். பையைப் பார்த்திருக்கிறார், சைக்கிளைப் பார்த்திருக்கிறார், காற்சட்டையைப் பார்த்திருக்கிறார். நான்தானுங்க மாப்பிள்ளையின் அம்மா என்று அந்தக் கோலத்தில் நடுரோட்டில் நின்று கும்பிடவா? "பின்னாலயே வாங்கய்யா" என்றேன். மிதித்தேன். நான் முன்னால், வேன் பின்னால். வேகமாகப் போனால் விழுவேன் என்று மெதுவாகப் போனேன், வேனும் பாவம் மெதுவாகவே வந்தது. லயத்துக்கு லயம் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது. நீ வாசலில் நின்றாய். என்னைப் பார்த்தாய், வேனைப் பார்த்தாய். உன் முகம் அவிந்த உருளைக்கிழங்கு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். பார்த்தும் மணியை ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் இறங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொல்லைப் பக்கமாகப் போய்ச் சேலை மாற்றித் தேத்தண்ணித் தட்டோடு வந்தேன். அந்த மனிதர் கோப்பையை எடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். "அட கடவுளே, தபாலம்மா!" வீடே சிரித்தது. அந்தப் பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நீ ஒருவன்தான் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏங்க, சீனிக்கா ஓட்டுறீங்க? எனக்கும் இருக்கு" என்று கேட்டார். அப்பா தலையாட்டத் தயாராகிவிட்டார், நான் பார்த்தேன். எனக்கு வாயில் வேறு வந்தது. "இல்லீங்க, ஆசைக்குத்தான் ஓட்டுறேன்" என்றேன். இத்தனை பேரிடம் சொன்ன பொய்யை வீட்டுக்கு வருகிற புது உறவிடமும் சொல்ல வேண்டாம் என்று பட்டது. அந்த அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கொழும்புக்குப் போய் ஒரு வாரம் கழித்துப் போன் எடுத்தாய். ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, அவங்க வீட்ல ஒரு மாதிரியா பேசிக்கிறாங்க" என்றாய். என்ன பேசிக்கொள்கிறார்களாம்? "மாப்பிள அம்மா ரோட்டு ரோட்டா சைக்கிள்ல திரியுறாங்களேன்னு." பிறகு நீ சொன்னாய் பார், அதை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். "சீனிக்குன்னாவது சொல்லியிருக்கலாமே அம்மா. ஆசைக்குன்னு போயி சொல்லிட்டீங்களே." ஆசை என்ற சொல்லை நீ சொன்ன விதம், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லுகிற மாதிரி இருந்தது. பெண் வீட்டாருக்குப் பிடிக்கவில்லையென்றால் உன் கல்யாணம்தானே பெரிது என்று நினைத்தேன். ஹாலிஎலைப் பக்கம் ஓட்டுவதை விட்டுவிட்டு, தோட்டத்துக்குள்ளே மட்டும், அதுவும் ஆட்கள் மலைக்குப் போன பிறகு ஓட்டினேன். அதுவும் உனக்குப் போதவில்லை. பிரேக் பார்க்கிறேன் என்று வந்து நின்றாய்.

வெட்கம் என்றால் என்ன என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். உனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து கண் சொருகிப்போன அன்று, தோட்டத்து லொறியைக் கேட்டோம். கொழுந்து ஏற்றவேண்டும், அது வாடினால் யார் பதில் சொல்வது என்றார்கள். உன்னை முதுகில் போட்டுச் சேலையால் கட்டிக்கொண்டு, குறுக்கு வழியில் இறங்கித் தெமோதரைக்கு நடந்தேன். அந்தக் குறுக்கு எப்படி என்று உனக்கே தெரியும், மழையில் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். ஸ்டேஷனில் ரயில் ஏறி, பதுளையில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குத் திரும்பவும் நடந்தேன். என் சேலை முழுக்கச் சேறு, காலில் இரத்தம். அதே பதுளை டவுன்தான், அதே கடை வீதிதான். அன்றைக்கு அந்தக் கோலத்தில் நான் போனது உனக்கு வெட்கமாக இல்லை. உன் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு மலையிலிருந்து நேரே நடந்து வந்து கடைசி வரிசையில் நின்றதை மேடையிலிருந்து நீ பார்த்தாய். "அம்மா நடந்தே வந்தாங்க" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாய். நான் சுமந்தால் பெருமை, நடந்தால் பெருமை. ஒரு சீட்டில் ஏறி உட்கார்ந்தால் மானம் போகிறது! கொழும்பில் எந்த ஊர் என்று கேட்டால் பதுளை என்கிறாய், தோட்டத்துப் பெயர் உன் வாயில் வருவதில்லை என்று உன் சிநேகிதன் சிரித்துக்கொண்டே சொன்னபோது நான் விட்டுவிட்டேன். பிழைக்கிற இடத்தில் பையனுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்தேன். அதையும் விட்டுக் கொடுத்தது என் தப்புதான் போலிருக்கிறது.

கிழமை கிழமையாகப் பார்த்தேன், சைக்கிள் வரவில்லை. கேட்டால் "சாமான் வரல்லயாம் அம்மா" என்றாய். போன வாரம் நடந்து போனேன், ஹாலிஎலைக்கு. சைக்கிள் கடைக்காரர், நாம் நானா என்று கூப்பிடுகிறவர், அவரை உனக்குத் தெரியும். "ஒங்களுக்குச் செயின் தேயுறதில்ல, பிரேக் கட்டதான் தேயுது" என்று ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். அன்றைக்கு என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை. ஸ்டூலை எடுத்துப் போட்டார். மேலே பார்த்தேன். கொக்கியில் தொங்குகிறது, என் சாக்கையே மேலே போர்த்தி. கீழே தெரிந்த சக்கரத்தைத் தொட்டேன், சுற்றியது. "அதுல ஒரு பழுதும் இல்ல, மகள்" என்றார் நானா. அவரைவிட நான் மூத்தவளாகத்தான் இருப்பேன், இருந்தாலும் வருகிறவர்களையெல்லாம் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "மகன் வந்து சொன்னாரு, கல்யாணம் முடியும் மட்டும் இங்கயே கெடக்கட்டும், பொறகு யாருக்கும் குடுத்திடுங்கன்னு. ஒங்ககிட்ட கேட்டா சாமான் வரல்லன்னு சொல்லணுமாம். எனக்குப் பொய் சொல்ல ஏலாது தம்பின்னுட்டேன். எறக்கித் தரட்டா?"

பொறகு யாருக்கும் குடுத்திடுங்க! கல்யாணம் வரைக்கும் என்றாலாவது ஒரு மாதிரி. யாருக்கோ கொடுக்க இது உன் சைக்கிளா? நீ வாங்கி அனுப்பினாய்தான். அப்படியானால் நீ சாப்பிட்ட சோற்றையும் நான் திருப்பிக் கேட்கவா? நானா கொக்கியில் கை வைத்தார். நான் வேண்டாம் என்றேன். இறக்கி ஓட்டிக்கொண்டு வந்தால் என் சைக்கிளை நானே திருடிக்கொண்டு வந்த மாதிரி ஆகும். இருக்கட்டும், தொங்கவிட்டவன் வந்து இறக்கட்டும் என்றேன். நானா தேத்தண்ணி வரவழைத்தார். குடித்துவிட்டு ஏற்றத்தில் நடந்தே வந்தேன். அந்த மட்டமான இடத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றேன். காற்று வரத்தான் வந்தது, நடக்கிறவளுக்கு அது வேறு மாதிரி இருக்கிறது.

அப்போதும் நான் பெண் வீட்டார் மேல்தான் பாதிக் கோபமாக இருந்தேன். என் பிள்ளை அவர்களுக்குப் பயந்து இப்படிச் செய்கிறான் என்று உனக்கு வக்காலத்து வாங்கினேன். முந்தாநாள் சம்பந்தியம்மா போன் எடுத்தார். கூறைச் சேலை எந்த நிறம் என்று கேட்கத்தான். பேசி முடித்துவிட்டு, "சைக்கிள் எப்படி இருக்குங்க?" என்றார். குத்திக் காட்டுகிறார் என்று எனக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க, அன்னைக்கு அப்படி வந்துட்டேன், ஒங்களுக்கெல்லாம் ஒரு மாதிரியா போயிருச்சு" என்றேன். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. "எங்களுக்கா? ஐயோ, இவரு கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் அதத்தானே சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருக்காரு. சம்பந்தியம்மா சைக்கிள்ல முன்னால, நாங்க வேன்ல பின்னால, அவங்க மணியடிச்சு எங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு. எங்க மக அன்னைக்கே சொல்லிட்டா, இந்த வீடு எனக்குப் புடிச்சிருக்குன்னு." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க ஆசைக்குன்னு சொன்னீங்கல்ல. எனக்கு நீந்தணும்னு சின்ன வயசுலேருந்து ஆசைங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

ஆக, அவர்கள் வீட்டில் ஒருத்தரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நீ. உன் வெட்கத்தை அந்த நல்ல மனிதர்கள் வாயில் வைத்து எனக்கு ஊட்டியிருக்கிறாய். அதைவிடக் கொடுமை ஒன்று சொல்லவா? "அப்ப சைக்கிள் ஓட்டுறீங்கதானே?" என்று அந்த அம்மா கேட்டபோது, என் மகன் அதைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டிவிட்டான் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "ரிப்பேர்ல இருக்குங்க" என்றேன். அந்த வீட்டில் பொய் சொல்ல வேண்டாம் என்று இருந்தவள், உன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "எழுதுடி அவனுக்கு, நல்லா ஒறைக்க எழுது" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். ஒன்றுதான் சொல்வேன். அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஏதாவது ஒன்றில் ஆசை வரும். நீந்த வேண்டும் என்பாள், பாட வேண்டும் என்பாள், ஒன்றும் செய்யாமல் சன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பாள். எதுக்கு என்று கேட்காதே. கேட்டால் அவளும் என்னைப் போல ஒரு வருத்தத்தின் பெயரைக் கற்றுக்கொள்வாள். வீட்டில் இருக்கிற பெண்களெல்லாம் நோயாளிகளாக இருந்தால்தான் உனக்கு நிம்மதி என்றால் இந்தக் கல்யாணமே வேண்டாமடா, அந்தப் பிள்ளையாவது பிழைத்துப் போகட்டும்.

கல்யாணத்துக்கு வேன் அனுப்புவதாகச் சொன்னாய். நீ வாங்கித் தந்த சேலையைக் கட்டிக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்று, கும்பிடச் சொன்னவர்களையெல்லாம் கும்பிடுவேன். அதற்கு முன்னால் என் சைக்கிள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் உன் வேனில் ஏறமாட்டேன். அந்தப் பட்டுச் சேலையோடு இங்கிருந்து பதுளை வரைக்கும் நடந்தே வருவேன், உனக்குத்தான் நான் நடப்பது பெருமையாயிற்றே. நடப்பேன் என்றால் நடப்பேன், உனக்கு என்னைத் தெரியும்.

யாரையாவது அனுப்பி எடுப்பிக்கலாம் என்று பார்க்காதே, நானாவிடம் சொல்லிவைத்துவிட்டேன். லொறியிலும் ஏற்றாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து ஹாலிஎலையில் இறங்கு. கொக்கியிலிருந்து உன் கையால் இறக்கு. மேலே வரைக்கும் தள்ளிக்கொண்டு வா. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், வாங்கட்டும். பீலியில் எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, லயத்துக்கு லயம் வாசல் வழியாக வா. வெளியே வந்து பார்ப்பார்கள். யாருடைய சைக்கிள் தம்பி என்று கேட்பார்கள். நீ நின்று, நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அம்மாவுடையது என்று சொல்ல வேண்டும். எதுக்கு என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கும் உனக்குப் பதில் தெரியும்.

நான் வாசலில் காற்சட்டையோடு நிற்பேன்.

அம்மா